செல்லையாவுக்கு ஏன் கடை கிடைக்கவில்லை?

எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது எங்கள் பள்ளியில் ஒரு தன்முனைப்பு முகாம் வைத்தார்கள். சனிக்கிழமை காலை, மண்டபத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். பயிற்றுநர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். கத்தினோம். "என்னா, யாரும் பசியாறலையா? சத்தமே வரலையே" என்றார். இன்னும் கத்தினோம். பிறகு ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, எங்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிசாக ஓர் இசை. அப்பா அம்மா நமக்காகப் பட்ட கஷ்டத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். மண்டபம் முழுக்க விசும்பல். நானும் அழுதேன். சரியாக அந்த இடத்தில் அவர் சொன்னார்: "அவங்கள மாதிரி ஆயிடக்கூடாதுன்னா இன்னிக்கே முடிவெடுங்க. உழைங்க. உழைச்சவன் எவனும் தோத்ததில்ல."

மதியம் வெளியே வந்தால், பாதுகாவலர் கொட்டகைக்குப் பக்கத்தில் அம்மா மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். இருபத்தோரு வருடம் பால் வெட்டியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. "என்னாடி, கண்ணு செவந்திருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்று பின்னால் ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை பேசவில்லை. ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. உழைத்தவர் எவரும் தோற்றதில்லை என்றால், எனக்கு முன்னால் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருப்பவர் யார்? ஒன்று, அவர் உழைக்கவில்லை. அல்லது அவர் தோற்கவில்லை. அல்லது அந்தக் கோட்டுக்காரர் சொன்னது பொய்.

மூன்றில் எது என்று யோசிக்கப் பல வருடம் கழித்து எனக்கு ஒரு நாவல் உதவியது. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. தன்முனைப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டு சிங்காரத்தை இழுக்கிறாளே என்று தோன்றலாம். ஆனால் உழைப்பு, தன்னம்பிக்கை, வெற்றி ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவைதானா என்பதை, நாம் நடந்து போகும் பினாங்குத் தெருக்களிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்த நாவல் அது. அதற்குள் போவதற்கு முன், நமக்குப் பழகிப்போன கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

*

'அண்ணாமலை' (1992) படத்தில் பால்காரர் ஒருவர் சபதம் போடுகிறார். ஒரு பாட்டு வருகிறது. அந்த ஓட்டத்திலேயே அவர் ஹோட்டல் முதலாளி ஆகிவிடுகிறார். 'சூரியவம்சம்' (1997) படத்திலும் அப்படி ஒரு பாட்டு. அதற்குள் கணவர் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். இந்தப் பாட்டுகளை வைத்து மீம் போடாதவர்கள் நம்மில் குறைவு.

கிண்டல் சரிதான். ஆனால் கிண்டல் செய்யும்போது நாம் வேகத்தை மட்டும்தான் குறை சொல்கிறோம். அஞ்சு நிமிஷத்துல எவனாச்சும் பணக்காரன் ஆக முடியுமா என்கிறோம். மூன்று மணி நேரப் படத்தில் இருபது வருடத்தைக் காட்ட அவர்களுக்கும் வேறு வழி கிடையாது. நாம் கேட்க வேண்டியது, அந்த இருபது வருடத்திலிருந்து எதை வெட்டி எறிந்தார்கள் என்று. பாட்டுக்கு முன்னால் அவமானம் இருக்கிறது, பின்னால் கார் இருக்கிறது. நடுவில் அவருக்குக் கடன் கொடுத்தது யார், அவரிடம் சம்பளத்துக்கு நின்ற ஆட்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவராவது முதலாளி ஆனாரா, செய்த வேலையையே ஆயிரமாவது தடவை செய்த அன்று அவருக்கு என்ன தோன்றியது, இதெல்லாம் கிடையாது. உழைப்பைப் புகழும் பாட்டில் உழைப்பைத்தான் காணோம்.

'அண்ணாமலை' 'குத்கர்ஸ்' (1987) என்ற இந்திப் படத்திலிருந்து வந்தது. அந்த இந்திப் படம் ஜெஃப்ரி ஆர்ச்சரின் 'கேன் அண்டு ஏபல்' நாவலைத் தழுவியது. அமெரிக்க வங்கிக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் நடந்த கதை, பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்து பால்காரர் கதை ஆகிறது. எங்கும் ஒட்டிக்கொள்கிறது, எதுவும் கெடவில்லை. ஏன்? ஊரோடு ஒட்டியிருப்பது வேலைதான். மாட்டைக் கறக்கும் விதம், கூலி தரும் விதம், கடன் கிடைக்கும் விதம், எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் கதை எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் மண்டபத்துக்கு வந்ததும் அந்தக் கதைதான்.

இதற்காக முன்னேற்ற நூல்களை எல்லாம் மூட்டை கட்டிப் போடச் சொல்லவில்லை. என் மாமா வீட்டு அலமாரியில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' அட்டை கிழிந்து, பசை ஒட்டி, மறுபடி கிழிந்து இருக்கும். எஸ்டேட் கிராணி வேலையிலிருந்து வெளியே வரத் துணிந்தது அந்தப் புத்தகத்தால்தான் என்று மாமா இன்றும் சொல்வார். அதை நான் மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பெயரையே கதாநாயகனுக்கு வைத்து 1988-இல் கே. பாலசந்தர் எடுத்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தில், அந்தத் தம்பி தனக்காகப் பங்களா கட்டவில்லை. குடியில் மூழ்கிய ஓர் ஊரை மீட்கப் போகிறான். அந்த 'முடியும்' ஓர் ஊருக்கான வினைச்சொல். நம் முகாம்களுக்கு வந்து சேரும்போது ஊர் கழன்று விழுந்து, 'உன்னால்' மட்டும் மிஞ்சிவிட்டது.

*

அந்த முகாமில் திருக்குறளும் வந்தது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் ஒன்பதாவது குறள் இல்லாமல் நம் ஊரில் எந்தத் தன்முனைப்புப் பேச்சும் முடியாது. தெய்வத்தால் ஆகாத காரியம் என்றாலும் முயற்சி பலன் தரும் என்று பயிற்றுநர் விளக்கினார். ஆனால் வள்ளுவர் போட்டிருக்கும் சொல் பலன் இல்லை, வெற்றியும் இல்லை. கூலி. உடம்பு எவ்வளவு வருந்தியதோ அதற்கான கூலி.

இந்தச் சொல்லை நாம் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகக்கூடாது. மற்ற ஊர்த் தமிழருக்கு அது சம்பளம். நமக்கு அது ஓர் அடையாள அட்டை. கப்பல் ஏறி வந்த நம் பாட்டன்மார் வெள்ளைக்காரன் பதிவேடுகளில் இருந்தது அந்தப் பெயரில்தான். வள்ளுவர் இங்கே கொடுக்கும் வாக்குறுதி மிகச் சிறியது, மிகவும் நேர்மையானது. உடம்பு தேய்ந்த அளவுக்கு ஏதோ ஒன்று கைக்கு வரும் என்கிறார். அந்தச் சின்ன வாக்குறுதியைக்கூட தோட்டம் எல்லா நாளும் காப்பாற்றவில்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் கிடையாது.

வள்ளுவரை என் பக்கத்துக்கு முழுசாக இழுத்துக்கொள்ளவும் முடியாது. அதே அதிகாரத்தில் முயற்சி செல்வத்தைக் கொண்டு வரும் என்கிறார். கடைசிக் குறளில், சோராமல் முயல்பவர் ஊழையே ஓட ஓட விரட்டுவார் என்கிறார். ஆனால் அதற்கு முன்னால், அறத்துப்பாலை முடிக்கும் 38-ஆம் அதிகாரத்தில், ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எதையும் அழிக்கவில்லை. நம் பேச்சாளர்கள்தான் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு இன்னொரு பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

*

இப்போது செல்லையாவிடம் வருவோம்.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் கப்பல் ஏறி மேடானுக்கு வந்து, பினாங்கையும் பார்த்து, போர் முடிந்த பிறகு 1946-இல் ஊர் திரும்பினார். வட்டிக் கடைகளின் உலகம் அவருக்குக் கேள்விப்பட்ட உலகம் இல்லை. நாவலில் பினாங்கில் லேவாதேவிக் கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்க்கும் இளைஞன் செல்லையா. அந்தக் கடைகளில் ஓர் ஏணி உண்டு. பெட்டியடிப் பையனாக வந்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகலாம். பொறுமையாக இருந்தால் ஒருநாள் தனக்கென்று ஒரு கடை. முன்னேற்ற நூல்கள் வரைந்து காட்டும் படிக்கட்டு கண்ணெதிரே மரத்தில் செய்து வைத்தது மாதிரி இருக்கும் இடம். செல்லையா சோம்பேறி இல்லை, திறமை இல்லாதவன் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். வயிரமுத்துப் பிள்ளை மகனைப் போர்க்காலத்தில் பறிகொடுத்தவர். மரகதத்தைக் கட்டிக்கொள்பவனிடம்தான் கடையும் போய்ச் சேரும்.

இடையில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். 1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு மலாயாத் தமிழர்கள், கடைச் சிப்பந்திகளும் பால் வெட்டுபவர்களும், ஆயிரக்கணக்கில் சேர்ந்த படை அது. கிராணிக்கு முன்னால் தலைதூக்காத ஒருவன் கையில் துப்பாக்கி வந்தது. இதைவிடப் பெரிய தன்முனைப்பு முகாம் இந்த மண்ணில் நடந்ததே இல்லை என்று சொன்னால் மிகையாகாது. போர் முடிகிறது. செல்லையா திரும்புகிறான், நிமிர்ந்த முதுகோடு.

அந்த முதுகுதான் வினை. வயிரமுத்துப் பிள்ளைக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனி வட்டித் தொழிலுக்கு லாயக்கில்லை என்பது அவர் தீர்ப்பு. மகளை அடக்கமான நாகலிங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்கிறார்.

சிங்காரத்தின் பெருமை, வயிரமுத்துப் பிள்ளையை வில்லனாக்காமல் விட்டது. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் பணிவு ஒரு முதலீடு. வாடிக்கையாளரிடம் சிரிக்க வேண்டும், குழைய வேண்டும், வாசலில் நிற்க வேண்டும், அவன் திட்டினாலும் வட்டியோடு திரும்ப வேண்டும். உத்தரவு போட்டுப் பழகிய வாய்க்கு அது வராது என்று அவர் கணக்குப் போடுகிறார். கணக்கில் பெரிய தப்பில்லை. செல்லையாவிடம் தன்னம்பிக்கை குறைவாக இருந்ததால் கடை போகவில்லை. இருந்ததால் போனது.

'உழை, நம்பிக்கை வரும். நம்பு, கதவு திறக்கும்' என்ற சூத்திரம் உடைவது இந்த இடத்தில்தான். கதவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். எந்த மாதிரி நம்பிக்கை உள்ளே வரலாம் என்று அவர்தான் முடிவு செய்கிறார். இதை நான் 1940-களின் செட்டித் தெருவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. படிப்பு முடித்து நான் போன முதல் நேர்முகத்தில் 'கான்ஃபிடன்ஸ் பத்தல' என்றார்கள். ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. கூட்டத்தில் ஒரு கணக்கு தப்பாக இருக்கிறது என்று சொன்னேன். மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, "நீ ரொம்பப் பேசுற" என்றார். இரண்டு இடத்திலும் நான் அதே ஆள்தான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

*

நாவலில் எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, இரண்டு.

ஒன்று, மரகதம். செல்லையாவுக்குக் கடையில் உழைப்பு இருக்கிறது, படையில் துணிச்சல் இருக்கிறது, தோல்விகூட இருக்கிறது. மரகதத்துக்கு அழுகை மட்டும்தான். அந்த வீட்டில் அவள் நாள் முழுக்க என்ன செய்தாள், அவளுக்கென்று என்ன தெரியும், எதில் அவளுக்கு நிச்சயம் இருந்தது, எதுவும் நமக்குத் தெரிவதில்லை. வெற்றிக் கதைகளில் பெண் பரிசுக் கோப்பை. வெற்றிக் கதையை உடைத்த சிங்காரத்தின் நாவலிலும் அவள் கிடைக்காமல் போன பரிசுக் கோப்பை. அந்த விஷயத்தில், மனைவியைப் படிக்க வைத்துக் கலெக்டராக்கிய 'சூரியவம்சம்' பாட்டு ஓர் அடி முன்னால் நிற்கிறது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

இரண்டாவது, மாணிக்கம். செல்லையாவின் நண்பன், நிறையப் படித்தவன், சிலப்பதிகாரத்தை வைத்து வாழ்க்கையை விளக்குபவன். செல்லையா நொறுங்கிக் கிடக்கும்போது மாணிக்கம் பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். மனசு நம் கையில் இருக்கும்வரை எதுவும் போய்விடவில்லை என்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறான். முதல் வாசிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது. கோட்டுப் போடாத ஒரு தன்முனைப்புப் பேச்சாளர் என்று பக்க ஓரத்தில் எழுதியும் வைத்தேன். பேச்சு நீளம் என்பதை இன்றும் சொல்வேன். ஆனால் இரண்டாவது தடவை படித்தபோது வித்தியாசம் பிடிபட்டது. எங்கள் பயிற்றுநர் ஓட்டத்துக்கு முன்னால் வந்து பேசினார், ஜெயிப்பாய் என்று சத்தியம் செய்தார். மாணிக்கம் எல்லாம் முடிந்த பிறகு வந்து உட்காருகிறான். எதையும் தருவதாகச் சொல்லவில்லை. தோற்றவனைப் பார்த்து நீ சரியாக உழைக்கவில்லை என்று அவன் சொல்வதே இல்லை. செல்லையாவும் கடைசியில் யாரையும் கடத்திக்கொண்டு ஓடவில்லை, முதலாளியைப் பழிவாங்கவில்லை, சபதம் போடவில்லை. பாட்டு வரவில்லை. பிரிகிறான். அவன் கடையை இழந்தான். படையில் சம்பாதித்த முதுகை இழக்கவில்லை.

சிங்காரத்தின் வாழ்க்கையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்த நாவலை 1950-இல் எழுதினார். 1959-இல் கலைமகள் பரிசு கிடைத்த பிறகுதான் அதற்கு விடிவு. அடுத்த நாவலான 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பத்து வருடம் கழித்து, 1972-இல் வந்தது. அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. மதுரையில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்து, 1997-இல் இறந்துபோனார். இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களைப் பட்டியல் போடுபவர்கள் 'புயலிலே ஒரு தோணி'யை விடுவதில்லை. இதை 'கடைசியில் வெற்றி' என்று முடித்துவைக்க எனக்குக் கை வரவில்லை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய வருடங்களில் அவரிடம் இருந்தது, தான் எழுதியது சரியாக வந்திருக்கிறது என்ற அறிவு மட்டும்தான். தன்னம்பிக்கை என்று நான் புரிந்துகொள்வது அதைத்தான்.

*

போன வருடம் அம்மாவோடு கோல கங்சார் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். 1877-இல் இந்த நாட்டின் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட ஊர். திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு சின்னத் தோட்டம், இன்னும் பால் வெட்டும் தோட்டம். காரை நிறுத்தச் சொன்னார். கல்யாணச் சேலையோடு உள்ளே போய் ஒரு மரத்தின் பட்டையில் கையை வைத்துத் தடவினார்.

"எவன் வெட்டுனது இது? பாரு, காயம் பண்ணி வெச்சிருக்கான். இந்தப் பட்டை இனிமே ஒழுங்கா வளருமா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காட்டினார். கத்தி ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் பட்டையைச் சீவ வேண்டும். மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் பட்டுவிடும், அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். இதை விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், வெயில் ஏறிப் பால் நிற்பதற்குள், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்தார். இருபத்தோரு வருடம்.

"நீங்க வெட்டுனா காயமே படாதா?" என்றேன்.

"எம் மரத்துல போய்ப் பாரு" என்றார். பிறகு நினைவு வந்து, "இப்ப வீடு கட்டிட்டாங்க" என்றார்.

வங்கியில் பாரத்தை என்னிடம் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவர் இவர். என் பள்ளி அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்காருபவர். அந்த மரத்துக்கு முன்னால் நின்று பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கத்தவில்லை. யாரும் கத்தச் சொல்லவும் இல்லை. கைக்குத் தெரிந்ததை வாய் சொன்னது, அவ்வளவுதான். அந்த நிச்சயத்துக்கு இந்த நாட்டில் எந்தக் கதவும் திறக்கவில்லை என்பது அந்தக் கதவுகளின் கதை. அதை அவர் தலையில் கட்டியது எங்கள் மண்டபம்.

மோட்டார் சைக்கிளில் நான் போட்ட கணக்குக்கு விடை இதுதான் என்று நினைக்கிறேன். உழைத்தால் ஜெயிக்கலாம் என்பது பாதிப் பொய். உழைத்தால் நிச்சயம் வரும் என்பது மெய். முதலாவதைத் தருவது மற்றவர்கள். இரண்டாவதை யாராலும் எடுக்க முடியவில்லை, தோட்டத்தை விற்றவர்களால்கூட.

காரில் ஏறியதும் அம்மா கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். பட்டையின் கறை போகவில்லை. "சேலையில பட்டுடப் போவுதும்மா" என்றேன். "பட்டா பட்டுட்டுப் போவுது" என்றார்.